வாயும் உடம்புதான்

என் கணவரின் வாய் நாறும். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஆறு வருடம் சொல்லாமல் விழுங்கி வைத்திருந்தவள் இப்போதும் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தால் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அவர் மாட்டுத் தரகர். டீச்சருக்கும் தரகருக்கும் எப்படிப் பொருந்தியது என்று பள்ளிக்கூடத்தில் கேட்காத ஆள் இல்லை. அவர் என் அத்தை மகன். நான் பிறந்த அன்றே முடிவான சம்பந்தம், பொருத்தத்தை யார் பார்த்தார்கள்? ஆனால் நல்ல மனிதர். கை நீட்டமாட்டார், குடிக்கமாட்டார், என்னை 'டீச்சரம்மா' என்று கேலி செய்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மணி அடிச்சிருச்சா டீச்சரம்மா, நான் வெளிய போகலாமா?" என்பார்.

சந்தை நாளில் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மாட்டின் மூக்கணாங்கயிற்றை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் கீழுதட்டை விலக்குவார். ஒரு நொடிதான். "நாலு பல்லு" என்பார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கீழ்வரிசையில் எட்டு. பால்பல் ஜோடி ஜோடியாக விழுந்து புதுப்பல் முளைக்கும். எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்துவிட்டது என்பார்கள். அதற்கப்புறம் தேய்மானம்தான். பல் ஆட ஆரம்பித்துவிட்டால் மாட்டுக்கு வயதாகிவிட்டது, யாரும் வாங்கமாட்டார்கள்.

பல்லோடு விடமாட்டார். ஈறையும் பார்ப்பார். வெளுத்திருந்தால், விற்க வந்தவன் முகத்துக்கு நேராகவே, "அண்ணே, இது தீனி ஒழுங்கா எடுக்காது. உள்ள ஏதோ கோளாறு இருக்கு, முதல்ல வைத்தியம் பாரு" என்று சொல்லிவிடுவார். அவன் முறைத்துக்கொண்டு போவான். அவர் பொருட்படுத்தமாட்டார். வாயைப் பார்த்து உடம்பைச் சொல்வதில் அவரை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் இல்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. இரண்டு பேர் கையின் மேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்துத்தான் பேரம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவர் தோளில் எப்போதும் ஒரு கெட்டித் துண்டு கிடக்கும். அந்தத் துண்டுதான் பிற்பாடு அவர் வாய்க்கு ஏறியது.

முதலில் ரத்தம்தான் வந்தது. காலையில் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துத் துப்பினால் சிவப்பாக இருக்கும். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுதான். "என்ன மச்சான், ரத்தமா வருது?" என்றேன். "குச்சி குத்திருச்சு" என்றார். அடுத்த வாரமும் குத்தியது, அடுத்த மாதமும் குத்தியது. புண்ணில் குச்சி பட்டுக்கொண்டே இருப்பதால்தான் ஆறவில்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு குச்சியை விட்டுவிட்டார். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுப் பேருக்கு ஒரு இழுப்பு, வாய் நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். ரத்தம் வந்தால் இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைப் பைத்தியம் என்றிருப்பார்கள். எனக்கும் தெரியாது. ஈறு வலிக்கிறபோது புகையிலையை இணுங்கி அந்த இடத்தில் அடக்கிக்கொள்வார். மரத்துப்போகும், வலி நின்றுவிட்டது என்று எழுந்து போய்விடுவார்.

பிறகு வாடை வந்தது.

நான் மூன்றாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். பல்வரிசைப் படத்தை ஆணியில் மாட்டி, பிரம்பால் தொட்டுக் காட்டி, தினமும் இரண்டு வேளை பல் துலக்க வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளையும் கோரஸாகச் சொல்லவைப்பேன். ஊத்தைப்பல்லோடு வருகிற பிள்ளையை வரிசையிலிருந்து எழுப்பித் தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்புவேன். வீட்டுக்கு வந்தால் வாய் மூடிவிடும்.

ஏன் சொல்லவில்லை? எத்தனையோ விஷயத்துக்கு அவரிடம் எகிறியிருக்கிறேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போடாததற்குக்கூட எகிறியிருக்கிறேன். ஆனால் கட்டிய புருஷனிடம் உங்கள் வாய் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? அவர் சந்தையில் நடந்ததை ஆசையாகக் கிட்டே வந்து சொல்லும்போது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை அடக்கப் பழகிக்கொண்டேன். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போவேன். மகளை எங்களுக்கு நடுவில் படுக்கப் போட்டேன். "பிள்ளை பயப்படுது மச்சான்" என்றேன். அவர் தலையணையை எடுத்துச் சுவரோரம் போட்டுப் படுத்துக்கொண்டார். மரியாதை என்று பெயர் வைத்து நான் செய்ததெல்லாம் கோழைத்தனம்.

அவரும் மறைத்தார். பல் ஆட ஆரம்பித்ததும் சந்தையில் ஒருவன், "மாப்ள, ஊரு மாட்டுக்கெல்லாம் நீ பல்லைப் புடிச்சுப் பாக்குற, உன் பல்லை எவன் புடிச்சுப் பாக்குறது?" என்று கேட்டிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடமும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், துண்டின் ஓரத்தை வாயில் பொத்திக்கொண்டு. அன்றிலிருந்து துண்டு வாயை விட்டு இறங்கவில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு சந்தை நாளில், மிரண்ட காளை ஒன்று அவர் வலது காலை மிதித்துவிட்டது. பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. மஞ்சளை இழைத்துப் போட்டார், வேப்பெண்ணெய் போட்டார். மாட்டுக்காரருக்கு மிதிபடுவதெல்லாம் ஒரு விஷயமா? ஆனால் ஒரு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. டாக்டரிடம் போனோம். பார்த்த உடனே சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சர்க்கரை இருந்தது.

மாத்திரை கொடுத்தார். அரிசியைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து.

தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அந்தக் குழாயைக் கிடுக்கியில் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீலம் நிற்கவேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. ஒவ்வொரு நாளும் என் கண் முன்னால் அது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல்லாகிவிடும். மாத்திரையைக் கூட்டினார்கள், சோற்றைக் குறைத்தார்கள். மறுபடி செங்கல். டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்ல சரியாத்தான் இருக்கார், வெளியில என்ன சாப்பிடுறாருன்னு பாருங்க டீச்சர்" என்றார்.

போதாதா எனக்கு? சந்தை வாசலில்தான் மிட்டாய்க் கடை. "எம்புட்டு மிட்டாய் தின்னீங்க, சொல்லுங்க" என்று தினம் விசாரணை. அவர் இல்லை என்பார். நான் குழாயைத் தூக்கி முகத்துக்கு நேராகக் காட்டுவேன். "இது பொய் சொல்லுமா?" அவர் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வந்தார். "பிள்ளையை ஏன் இழுக்கிறீங்க?" என்று அதற்கும் கத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்குக் கழுநீர் காட்டப் போனபோது தொட்டியில் சப்பாத்தி மிதந்தது. ஒன்றல்ல, நாலைந்து. எனக்குச் சப்பாத்தி வராது. பக்கத்து வீட்டில் கேட்டு, மாவைப் பிசைந்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்ட சப்பாத்தி. அக்கம்பக்கம் கேட்கிறது என்றுகூடப் பார்க்காமல் கொட்டித் தீர்த்தேன். டாக்டரை ஏமாற்றுகிறீர்கள், என்னை ஏமாற்றுகிறீர்கள், நாளைக்கு நான் ஒற்றையாய் நின்று இந்தப் பிள்ளையை வளர்க்க வேண்டுமா என்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பசிக்கல புள்ள" என்றார். அன்று மணி அடித்ததா என்று கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து, கழுநீர் இன்னும் ஊற்றாத தொட்டியில் மறுபடியும் ஒன்று கிடந்தது. இந்த முறை அதை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் போட வேண்டும் என்று கையை விட்டு எடுத்தேன். ஓரத்தில் ஒரு கடி கடித்திருந்தது. கடித்த இடம் சரியாக அறுபடவில்லை, இழுபட்டிருந்தது. அந்தக் கடி முழுக்க ரத்தம்.

அவரால் மெல்ல முடியவில்லை. அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, தட்டில் வைத்ததை மாட்டுக்குப் போட்டுவிட்டு, சந்தையில் போய் அரிசிக் கஞ்சியை வாங்கி வாங்கிக் குடித்திருக்கிறார் என்பது பிற்பாடு அவர் சொல்லித் தெரிந்தது. அதைத்தான் நான் மிட்டாய் என்று இரண்டு மாதமாக அவர் உயிரை வாங்கியிருக்கிறேன்.

உள்ளே போய், "வாயைத் திறங்க மச்சான், பாப்போம்" என்றேன்.

"நானென்ன சந்தைக்கு வந்த மாடா?"

"பல்லு ஆடுதா?"

"ஆடத்தான் செய்யும். கடை சேந்து எம்புட்டு வருசமாச்சு. அதுக்கென்ன பண்ண முடியும்?"

"உங்களுக்கு நாப்பத்திரண்டு வயசுதான் ஆகுது."

"மாட்டுக்கு வயசு கேட்டுட்டா பல்லு ஆடுது? விடு புள்ள. மேப்பல்லுல கைய வச்சா கண்ணு போயிரும்."

இதுதான் அவர் செய்த தப்பு. அவர் வாழ்க்கை முழுக்க ஆடுகிற பல்லுக்கு ஒரே அர்த்தம்தான் பார்த்திருந்தார். அது வயது, அதற்கு மருந்து கிடையாது, அதை வெளியே காட்டினால் மதிப்புப் போய்விடும். நான் செய்த தப்பு அதைவிடப் பெரியது. அன்றைக்கும் வாடையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. டாக்டரிடம் போய்ப் பல் ஆடுகிறது, மெல்ல முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். "பல்லை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல காலைக் கவனிங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. விரல் கறுத்துக்கொண்டு வந்தது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸில் அவர் காலைப் பாலிதீன் பையில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். முன்சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கால் வாடை என்று நினைத்திருப்பார். எது கால், எது வாய் என்று எனக்குத்தான் பிரித்துச் சொல்லத் தெரியும்.

விரலை எடுத்தார்கள். ஊசி போட்டார்கள், இன்சுலின் போட்டார்கள். காய்ச்சல் விடவில்லை, சர்க்கரை இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வார்டுக்கு வந்த டாக்டர் ஒருவர், நாக்கை நீட்டச் சொல்லிக் குனிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பல் பிரிவில் காட்டச் சொன்னார். அவர் எங்களோடு இருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் செய்ததை நான் ஆறு வருடத்தில் செய்யவில்லை.

பல் பிரிவில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. சக்கர நாற்காலியிலிருந்து இவரைத் தூக்கிப் பெரிய நாற்காலியில் சாய்த்தார்கள். இவர் துண்டை விடவில்லை.

"துண்டை எடுங்கய்யா. கூச்சப்படாதீங்க, நான் ஒரு நாளைக்கு அம்பது வாய் பாக்குறேன்."

"நானும் பாக்குறவன்தாம்மா" என்றார் இவர், துண்டுக்குள்ளிருந்து.

"அப்படியா? என்ன வேலை பாக்குறீங்க?"

"மாட்டுத் தரகு."

அந்தப் பெண் சிரித்துவிட்டது. இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் துண்டு நழுவியது. அவர் வாயை வெளிச்சத்தில் அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். ஈறு வீங்கி, ஊதாவாகி, பல்லை விட்டு இறங்கியிருந்தது. பல்லெல்லாம் நீண்டு தெரிந்தன. டாக்டர் விரலால் ஈறை லேசாக அழுத்தினார். பல்லோரத்தில் சீழ் வந்தது. அடுத்த பல்லிலும் வந்தது, அதற்கடுத்ததிலும் வந்தது.

"சர்க்கரை இறங்கலைன்னு எழுதியிருக்காங்க. எப்படி இறங்கும்? உடம்புல எங்க சீழ் இருந்தாலும் சர்க்கரை இறங்காது. வாயும் உடம்புதானே?" என்றார் டாக்டர். "சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை ஏறும். இது வயசுனால வந்ததில்ல. ஆரம்பத்துலயே வந்திருந்தா, பல்லைச் சுத்தி அழுக்கை எடுத்து, ஒழுங்காத் தேச்சிருந்தாலே நிறைய நிறுத்தியிருக்கலாம்."

பிறகு கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் திரும்பிச் சாதாரணமாகக் கேட்டார்: "வாய்ல இந்த வாடை எத்தனை வருசமா இருக்கும்மா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டரிடம் பொய் சொல்லி இனி என்ன செய்யப்போகிறேன்? இவரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறு வருசமா" என்றேன்.

நாற்காலியில் அசைவு கேட்டது. திரும்பினேன். வாய் ஓரத்தில் ரத்தத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருசமாவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"உனக்குத் தெரியுமா? நான் துண்டை வச்சு மறைச்சுட்டேன்னுல்ல நெனச்சேன்." நழுவிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஒரு மாட்டுக்கு இப்படி இருந்தா நான் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேனே புள்ள. நீ எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற நான், பாடம் படிக்காமல் வந்த பிள்ளைபோலச் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். அந்த டாக்டர் எதையோ தேடுவதுபோல் மேஜைப் பக்கம் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பாதத்துக்கு ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். காய்ச்சல் அடங்கியதும் பல்லை இரண்டிரண்டாகப் பிடுங்கினார்கள். ஒரு கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஈறு ஆற ஆறச் சர்க்கரை இறங்கியது. ஊருக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழாயைக் காட்டினேன். கொதித்தது. நான் பச்சைக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நீலமாகவே நின்றது. அப்படி வேண்டிக் கேட்ட நீலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டவ்வை அணைக்கத் தோன்றாமல் அழுதேன்.

கடைசியாகப் பல் பிரிவுக்குப் போனபோது அந்தப் பெண் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "முன்னாடியே நான் கூட்டியாந்திருந்தா காலு தப்பிச்சிருக்குமா?" அவர் என்னைப் பார்த்தார். "சொல்ல முடியாதும்மா. தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமயும் போயிருக்கலாம். சர்க்கரை தனியாவே காலைக் கெடுக்கும்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒன்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

அவர் அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார். சந்தைக்குப் போக முடியவில்லை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் மாட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே மாட்டின் வாயைத் திறந்து பார்த்துச் சொல்வார். யாராவது கேலி பேசினால் பொக்கை வாயை முழுக்கத் திறந்து சிரிப்பார். "எம் பல்லை இப்ப எவனும் புடிச்சுப் பாக்க முடியாதுல்ல" என்பார். துண்டு தோளில் கிடக்கும். வாய் நாற்றம் என்பது மருந்துக்கும் கிடையாது. மகளைக் கட்டிக்கொண்டு கதை சொல்வார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அவர் வாயில் விரலை விட்டு விளையாடும்.

நான் சோற்றைக் குழைத்து எடுத்துக்கொண்டு கிட்டே போவேன். அப்போது மட்டும் தோளிலிருந்து துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார். "இப்ப ஒண்ணும் இல்லை மச்சான், எடுங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "சரி புள்ள" என்பார். எடுக்கமாட்டார். சாகும்வரை என்னிடம் மட்டும் துண்டுக்குள்ளிருந்துதான் பேசினார்.